நான் நிறுத்திய கூட்ஸ் வண்டி

என் கணவர் ரசீத் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை சவூதியில் தமாமிலிருந்து வருவார். நாற்பத்தைந்து நாள் லீவு. முதல் பத்து நாள் சொந்தக்காரர்களுக்குப் போய்விடும், கடைசிப் பத்து நாள் பெட்டி கட்டுவதில் போய்விடும். நடுவில் மிஞ்சுவதுதான் எங்கள் குடித்தனம். இந்தத் தடவை அவர் டிசம்பர் பன்னிரண்டாம் தேதி வந்து இறங்கினார். விருந்தெல்லாம் ஓய்வதற்கும் எனக்கு அரையாண்டு லீவு விடுவதற்கும் சரியாக இருந்தது. நான் மேலப்பாளையத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் யு.கே.ஜி. டீச்சர். கல்யாணமாகி எட்டு வருடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது அதுதான் முதல் தடவை.

"இந்தப் பத்து நாளும் ஒருத்தர் வீட்டுக்கும் விருந்துக்குப் போகக் கூடாது" என்று நான் சட்டம் போட்டேன்.

"அப்போ என்ன செய்ய?"

"படம் பாக்கணும். பொருட்காட்சிக்குப் போகணும். நாடகம் எங்கன போட்டாலும் போகணும்."

"சரிளா" என்றார் அவர். "ரெண்டு வருசமா எல்லாத்தையும் காதாலதான் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன். இந்த லீவுல கண்ணால பாக்குதேன்."

காதால் கேட்டது என்று அவர் சொன்னது என் கதைகளை. என் கதைகள் என்றால் நான் எழுதியவை அல்ல. கல்யாணமான புதிதில் எங்களுக்கு போனில் பேச ஒன்றுமே இருக்காது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், என்ன ஆணம், மீன் ஆணம். அதோடு தீர்ந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இதற்கா ஒரு மனுஷன் அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட வேண்டும்? ஒரு வியாழக்கிழமை, மறுநாள் அவருக்கு வெள்ளி லீவு, நான் வார இதழில் வந்த ஒரு சிறுகதையை முழுசாகப் படித்து வாய்ஸ் மெசேஜில் அனுப்பிவிட்டேன். கிழவிக்கு ஒரு குரல், போலீஸ்காரருக்கு ஒரு குரல். பிள்ளைகளுக்குப் படித்துப் படித்துப் பழகிய தொண்டை. அடுத்த வியாழக்கிழமை அவரே கேட்டார், "கதை வரலியே." அன்றிலிருந்து ஒரு வாரம் தவறியதில்லை. அவர் தங்கியிருக்கும் அறையில் எட்டுப் பேர். போனை நடுவில் வைத்து எல்லாரும் கேட்பார்களாம். கடையநல்லூர்க்காரர் ஒருவர், அகமது மீரான் என்று பேர், அழுக்குத் துணியை ஊறப்போட்டுவிட்டு வந்து உட்காருவாராம்.

தப்பு மூன்றாவது கதையிலேயே ஆரம்பித்தது. அதில் ஒரு நாய் கடைசியில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போகும். எட்டு ஆம்பிளைகள், வீட்டைவிட்டு அத்தனை தூரத்தில், ஒரே அறையில், நாளை ஒரு நாள்தான் லீவு. அவர்களிடம் நாய் செத்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாய் நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்தது என்று படித்துவிட்டேன். அதற்குப் பிறகு என் கை தாராளமாகிவிட்டது. எத்தனையோ செத்த நாய்களைப் பிழைக்க வைத்திருக்கிறேன். பாகம் பிரிந்த அண்ணன் தம்பிகளை ஒரே சகன் தட்டில் சாப்பிட வைத்திருக்கிறேன். ஓடிப்போன மகள் பெருநாளைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். எழுதினவர்கள் கேட்டால் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆனால் அவர்களா அந்த அறையில் படுத்துக் கிடக்கிறார்கள்?

எல்லாக் கதையிலும் ரசீத்துக்கு உயிர் ஒரு கதைமேல்தான். ரயில் பாதையோரம் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண்ணின் கணவன் கூட்ஸ் வண்டியில் கார்டு. வாரத்துக்கு ஒரு நாள் அந்த வழியாகப் போவான், வண்டி நிற்காது. அவன் கடைசிப் பெட்டியிலிருந்து பச்சைக் கொடி காட்டுவான், இவள் வாசலில் நின்று சிவப்புச் சேலையை உதறிக் காயப்போடுவாள். எழுதியவர் முடித்திருந்தது இப்படி: ஒரு நாள் கொடி காட்டியது வேறு ஒருத்தன். இவள் சேலையை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நான் முடித்தது இப்படி: வண்டி வேகம் குறைகிறது, பைய நிற்கிறது, அவன் குதித்து இறங்கி, "இனி போகல" என்கிறான். அந்த வாரம் அறையே சத்தமில்லாமல் கிடந்தது என்று ரசீத் சொன்னார். அகமது மீரான் மறுநாள் காலையிலேயே எழுந்து வீட்டுக்குப் போன் போட்டாராம். எனக்குப் பெருமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அந்த லீவை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாதித் தூக்கத்தில் இருப்பது போலத்தான் இருக்கிறது. மார்கழித் தூறல் விட்டுவிட்டு விழுந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு மேட்னிக்குப் போவோம். உள்ளே போகும்போது வெயில் இருக்கும், வெளியே வரும்போது தெரு நனைந்திருக்கும். இடையில் எப்போது பெய்தது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஒரு படத்தில் பாதியில் நான் அவர் தோளில் தூங்கிவிட்டேன். கண்ணை விழித்தால் திரையில் கடல், பக்கத்தில் அவர் மூச்சு. எது படம் எது நான் என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிடிபட வேண்டும் என்றும் தோன்றவில்லை. பொருட்காட்சியில் ஒரு மேஜிக்காரர் ஒரு பெண்ணைப் பெட்டிக்குள் வைத்துக் காணாமல் போக்கினார். "இந்தப் பெட்டி கெடச்சா லீவு முடியுற அன்னைக்கு நான் உள்ள போயிருவேன்" என்றார் ரசீத். முன் வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு நாள் பஸ் ஏறிப் பாபநாசம் போனோம். மலை பாதிக்குமேல் மேகத்துக்குள் இருந்தது. ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. படிக்கட்டுக்குத் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தோம். பையிலிருந்து ஒரு வார இதழை எடுத்து நீட்டி, "படி" என்றார்.

"நேர்லயா? எனக்கு வெக்கமா இருக்கு மச்சான். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

அவர் ஆற்றைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே படித்தேன். ஒரு லாட்ஜில் வேலை பார்க்கும் பெரியவரைப் பற்றிய கதை. கடைசி வரிக்கு வந்தேன். பெரியவருக்கு வர வேண்டிய கடிதம் வரவில்லை. என் வாய் தானாக, "தபால்காரர் மறுபடியும் பையைத் துழாவினார், அடியில் ஒன்று இருந்தது" என்றது. ரசீத் திரும்பாமலே தலையை ஆட்டினார். அவ்வளவு நிம்மதி அந்தத் தலையாட்டலில். எனக்கு அவர் முதுகைத் தொட வேண்டும்போல் இருந்தது. தொட்டேன்.

திரும்பி வரும்போதுதான் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடைச் சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்தார். விடுமுறைக் கால நாடகம், ஞாயிறு மதியம் மூன்று மணி, சிறுகதை ஒன்று மேடையில். கதையின் பேர் பெரிய எழுத்தில் இருந்தது. அந்தக் கூட்ஸ் வண்டிக் கதையேதான்.

"ஏளா, நம்ம கதை" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு நோட்டீஸை போனில் படம் பிடித்தார். அறைக்கு அனுப்பினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை மேடையில் அந்த வண்டி நிற்காது.

ஒரு கதைக்காகவா இவ்வளவு பயம் என்று கேட்கலாம். கதைக்காக இல்லை. கதையை மாற்றினவள் என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். கதை அல்லாத ஒன்றையும் நான் மாற்றியிருந்தேன். போன லீவு முடிந்து அவர் போன பிறகு நான் முழுகாமல் இருந்தேன். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது மாமி, அதாவது ரசீத்தின் உம்மா, வைத்த கட்டுப்பாடு. எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான், புருஷனுக்கானாலும் சரி. மூன்று மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது கரு நிற்காமல் போய்விட்டது. "அங்கன இருந்து அவனால என்ன செய்ய முடியும்? சொல்லாத" என்றார் மாமி ஹமீது பீவி. எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். இரண்டு வருடமாக அது காய்ச்சல்தான்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் நான் படாத பாடு பட்டேன். அன்றைக்கு ஒரு புதுப் படம் இருக்கிறது என்றேன். உவரிக்குப் போய்க் கடல் பார்க்கலாம் என்றேன். தலைவலி என்று படுத்துக்கொண்டேன். தலைவலிக்கு அவரே தைலம் தேய்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாயிரும்" என்றார். நானே சொல்லிவிடலாம் என்று ஒரு தடவை வாயைத் திறந்தேன். அவர் அறைக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். வண்டி நிற்கிற இடத்தை மட்டும் வீடியோ எடுத்து அனுப்புவதாக அகமது மீரானுக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. நாடகம் நடக்காது என்று ஆசையோடு இருந்தேன். நடந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள், நனைந்த குடைகளை வாசலில் குவித்து வைத்திருந்தார்கள். டிக்கெட் வாங்கிக் கிழித்தவள் சித்ரலேகா, என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். நாடகம் போடுவது அவள் வீட்டுக்காரரின் குழு. வாசலில் போட்டோஸ்டாட் எடுத்த மூலக்கதையைப் பத்து ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் ரசீத்தின் கையைப் பிடித்து வேகமாக உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் போட்டார்கள். ரயில் என்று ஒன்றும் இல்லை. ஐந்து பேர் வரிசையாக நின்று காலால் பலகையை மிதித்தார்கள், ஒருவர் தகரத்தைத் தேய்த்தார். அவ்வளவுதான், ஹாலுக்குள் கூட்ஸ் வண்டி வந்துவிட்டது. மழைச் சத்தமும் அதோடு சேர்ந்துகொண்டது. மேடையில் அந்தப் பெண் சிவப்புச் சேலையை உதறியபோது பயமெல்லாம் மறந்து நான் அந்தப் பாதையோரத்து வீட்டுக்கே போய்விட்டேன். ரசீத் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். போனைக் கையில் பிடித்திருந்தார்.

"இப்ப பைய நிக்கும் பாரு" என்று என் காதில் சொன்னார்.

மிதிக்கிற சத்தம் குறையவில்லை. கூடிக்கொண்டே போனது. பச்சைக் கொடியோடு வேறு ஒருவர் வந்து நின்றார். வண்டி போய்விட்டது. அந்தப் பெண் சேலையை மடித்தாள். நாலாக மடித்து, இன்னொரு தடவையும் மடித்து, உள்ளே போனாள். விளக்கை அணைத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். ரசீத் தட்டவில்லை.

"கதையக் கெடுத்துட்டானுவ" என்றார். அவருக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. நான் தடுப்பதற்குள் எழுந்து நேராகச் சித்ரலேகாவிடம் போனார்.

"எதுக்கு முடிவ மாத்துனீய? அந்த மனுசன் எறங்கி வீட்டுக்கு வருவாம்லா?"

சித்ரலேகா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "இல்லண்ணே, நாங்க ஒரு வரிகூட மாத்தல. வேணும்னா நீங்களே பாருங்க" என்று ஒரு பிரதியை எடுத்து நீட்டினாள்.

அவர் அங்கேயே நின்று கடைசிப் பக்கத்தைப் படித்தார். சின்னப் பத்திதான். ரொம்ப நேரம் படித்தார். ஆட்கள் குடைகளைத் தேடி எடுத்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்கள். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சித்ரலேகாவிடம், "மன்னிச்சுக்கோம்மா" என்றார். வெளியே போய் பைக்கை எடுத்தார்.

மழை விட்டு வானம் வெறித்திருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியை விட்டுவிட்டுக் கொக்கிரகுளம் பக்கம் ஆற்றோரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். மணி ஐந்தரை இருக்கும். ஆறு நிறைந்து, செம்மண் கலங்கலாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பாலத்துக்கு மேலே பஸ்கள் போயின. லீவுக் கூட்டம் கரையில் நின்று தண்ணீரை வேடிக்கை பார்த்தது.

"எத்தன கத மாத்துன?"

"நெறய."

"நாயி?"

"செத்துருச்சு மச்சான்."

"பாபநாசத்துல படிச்சது?"

"லெட்டர் வரல."

அவர் ஒரு தடவை சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. அதுவும் ஒரு நிமிஷம்தான். ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "அசீலா" என்றார். அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. "கதயில மட்டுந்தானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். இத்தனை வருடப் பழக்கம், வாயில் தயாராக இருந்தது. ஆனால் அவர் சட்டைப் பையில் அந்தத் தாள் துருத்திக்கொண்டிருந்தது. எனக்கு அலுத்துவிட்டது. அதுதான் உண்மை. தைரியம் ஒன்றும் இல்லை, அலுப்புதான்.

"போன தடவ நீங்க போன பெறவு நான் உண்டாயிருந்தேன். நிக்கல. ஏப்ரல்ல. காய்ச்சல்னு சொன்னேன்லா, அது."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. பாலத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"என்ன கெழம?"

"வியாழக்கெழம."

"அன்னைக்குக் கத அனுப்புனியா?"

"அனுப்புனேன். ஆஸ்பத்திரியில இருந்துதான். அனுப்பலேன்னா என்னன்னு கேப்பீங்களே."

"என்ன கத?"

இதை அவர் கேட்டிருக்க வேண்டாம். "கல்யாண வீட்டுல பிரியாணி தேக்சா காணாமப் போகுமே" என்றேன். "அந்தக் கத."

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நாங்க சிரிச்சோமே. எட்டுப் பேரும் உருண்டு உருண்டு சிரிச்சோம். சிரிப்புச் சத்தத்த ரெக்கார்டு பண்ணி உனக்கு அனுப்புனேனே."

ஆமாம், அனுப்பினார். பச்சைத் திரை கட்டிய கட்டிலில் படுத்துக்கொண்டு காதோடு வைத்து அதைக் கேட்டேன். நல்லவேளை, அங்கே ஒருவராவது சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். அவருக்கு நான் நல்லது செய்ததாகவே இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆற்றோரத்தில் அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தபோதுதான், இவருடைய பிள்ளைக்காக இவரை அழவிடாமல் செய்தவள் நான் என்பது உறைத்தது. அழுவதற்குப் பதிலாகச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

"உம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு மட்டுந்தான் தெரியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாக என்னை நேருக்கு நேர் பார்த்தார்.

"சொல்லு."

"என்னத்த?"

"அன்னைக்கு நடந்தத. மொதல்ல இருந்து. நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்."

சொன்னேன். காலையில் எழுந்ததிலிருந்து சொன்னேன். மாமி ஆட்டோ பிடிக்கப் போனது, ஆட்டோக்காரர் வேகத்தடையில் பார்த்துப் பார்த்து ஓட்டினது, வரிசையில் உட்கார்ந்திருந்தது, டாக்டரம்மா ஸ்கேன் திரையை என் பக்கத்திலிருந்து திருப்பிக்கொண்டது. கிழவிக் குரலும் இல்லை, போலீஸ்காரர் குரலும் இல்லை. என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் வேகவைத்த கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் மட்டும், "வலிச்சுதா?" என்றார். "ரொம்ப" என்றேன்.

கடைசி இடத்துக்கு வந்தபோது பழக்கதோஷத்தில் என் நாக்கு வேறு ஒரு முடிவைத் தேடியது. டாக்டரம்மா மறுபடியும் ஒரு தடவை பார்த்தார்கள் என்று ஆரம்பித்தால் போதும், மீதியை நான் எப்படியும் கொண்டுபோய்விடுவேன். அவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதான் மச்சான்" என்றேன். "அதோட முடிஞ்சு போச்சு."

அவர் தலையை ஆட்டினார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து, வேடிக்கை பார்க்க வந்த அத்தனை பேருக்கும் நடுவில், இரண்டு வருடம் பிந்தி அழுதோம்.